மண் விழும் வரைக்கும்

மெஷின்காரரின் உயிர் காலை ஐந்து நாற்பதுக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரிக்காரர் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் தோளைத் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, மூலையில் போய்ச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அழவுமில்லை, ஆளைக் கூப்பிடவுமில்லை. அடுப்படியிலிருந்து வெந்நீரோடு வந்த மருமகள், கட்டிலில் கிடந்தவரையும் மூலையில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்து, விஷயம் விளங்கியதும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்.

தெருவுக்கு அவர் மெஷின்காரர். நாற்பது வருஷமாகத் தையல் மெஷின் பழுது பார்த்தவர். ஒரு பன்னிரண்டு பேருக்கு மட்டும் ஐயா. அந்தப் பன்னிரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் அவர் மாடி வீட்டில் கூடி, ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைந்து போவார்கள். தெருவில் அவர்களுக்கு ஊமைக் கூட்டம் என்று பெயர். உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. கடவுளின் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். உதடு அசையக் கூடாது, தொண்டை அசையக் கூடாது.

அந்தப் பெயரை அப்படியே வேலைக்குள்ளும் கொண்டுபோக வேண்டும் என்பார் மெஷின்காரர். இஸ்திரிப் பெட்டி ஒருமுறை போய் வந்தால் ஒரு பெயர். ஊசி ஒருமுறை இறங்கினால் ஒரு பெயர். பேசும்போதும் சிரிக்கும்போதும் பெண்டாட்டியைத் திட்டும்போதும்கூட அது அடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மெஷின் தட்டுக்கு அடியில் நூல் சுற்றிய பாபின் சுற்றுவதுபோல. மேலே தைக்கிறவனுக்கு அது தெரியாது, ஆனால் அது நின்றால் தையல் விழாது.

மருமகள் கூட்டத்தில் உட்கார்ந்தவள் இல்லை. கடைகளிலிருந்து சட்டை வாங்கிவந்து, பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். எட்டு வருஷமாகக் கூட்டத்துக்கு டீ போட்டுக் கொடுத்து, கதவோரம் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டே, அவளாகப் பிடித்துக்கொண்டதுதான் அந்தப் பெயர். ஒரு குத்துக்கு ஒன்று. மெஷின்காரருக்கு அது தெரிந்திருந்தது. "ஓடுதாம்மா?" என்று எப்போதாவது கேட்பார். "ஓடுது மாமா" என்பாள். அதற்கு மேல் மாமனாரும் மருமகளும் அதைப் பேசியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு, காலில் நீர் கோத்து அவர் படுக்கையில் விழுந்தபோது, பன்னிரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "என் மூச்சு நின்னதுலேருந்து மேல மண்ணு விழற வரைக்கும் பேரு அறுபடக் கூடாது. ஒருத்தர் விட்டா ஒருத்தர் எடுத்துக்குங்க. அறுந்துபோச்சுன்னா முதல்லேருந்து ஆரம்பிங்க. கடைசி முறை இவளுக்கு." கைகாட்டியது மருமகளை. இஸ்திரிக்காரரின் முகம் சுருங்கிப் போனதை அவள் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு வாரம் விடாமல் வந்தவர் அவர்.

முறை மாற்றுவது தோளைத் தொட்டுத்தான். ஆளுக்கு முக்கால் மணி, ஒரு மணி. கடைசி முறைக்காரர் குழிக்கரையில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி 'அறுபடலை' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் பிடி மண். கூட்டத்தில் முன்பு ஒருவர் போனபோது அப்படித்தான் நடந்தது.

பெயர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மற்ற வேலையெல்லாம் தலைகீழாகத்தான் நடந்தது. குளிர்ப்பெட்டி ஒன்று வாடகைக்கு வந்தது. வந்த வேகத்தில் திரும்பியும் போனது. மாடிப்படியின் திருப்பத்தில் அது ஏறவே இல்லை. நான்கு பேர் முக்கிப் பார்த்துவிட்டுச் சுவரில் காரையைப் பெயர்த்ததுதான் மிச்சம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. நீர் கோத்த உடம்பு. பத்து மணிக்கே வயிறு எழும்பத் தொடங்கிவிட்டது. பனிக்கட்டி வாங்கிவந்து கட்டிலுக்கடியில் தட்டில் வைத்தார்கள். அது கரைந்து, தண்ணீர் அறை முழுக்க ஓடி, அதைத் துடைக்கிற வேலையும் மருமகளுக்கே வந்தது.

மகன் பஸ் டிரைவர். இரவு டிரிப்பை முடித்து வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் மயானத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தான்.

"ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவாங்க. நாளைக்கு அங்க லீவாம். இன்னைக்கே முடிச்சாகணும். உடம்பு தாங்காது. தெரியுதுல்ல?" என்று மனைவியிடம் சொன்னான். மூலையில் கண்மூடி இருந்த, பன்னிரண்டு பேரில் ஒருவரான நர்ஸம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இவங்க பாட்டுக்கு உட்காந்துட்டாங்க. எங்கம்மா சாகறப்போ தண்ணி தண்ணின்னு கூப்பிட்டாங்க. அப்பா பக்கத்துலதான் உட்காந்திருந்தாரு, இதே மாதிரி கண்ண மூடிகிட்டு. காதுலயே விழலை. நான் ஸ்கூல்லேருந்து வந்துதான் தண்ணி குடுத்தேன்."

"இப்ப எதுக்குங்க அதை..."

"எப்பவும் சொல்ல மாட்டேன். இன்னைக்குச் சொல்றேன்."

அவன் கண் சிவந்திருந்தது. அவள் முந்தானையால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு அவள் அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் குடித்த டீ டம்ளர் நாற்பதுக்குக் குறையாது. நர்ஸம்மா வந்து பின்னாலிருந்து தோளைத் தொட்டார். தொட்டதும் அந்தம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி. ஹாலில் போய்க் காலை நீட்டிக்கொண்டார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பேரும் தங்கள் முறை வந்தபோது மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். ஒரு ஈ எறும்பு அவர்களைத் தொந்தரவு செய்யாமல் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மருமகளின் முறை வந்தபோது, அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் குறைப்படவில்லை. காஜாவுக்குக் குத்துப்போல, டம்ளருக்கு ஒரு பெயர் என்று உள்ளே எடுத்துக்கொண்டாள். நன்றாகவே ஓடியது. இருபது டம்ளர் வரைக்கும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அப்போது படியிலிருந்து மகன் கத்தினான். "டாக்டர் குடுத்த சர்ட்டிபிகேட் எங்க? ஜெராக்ஸ் செல்லாதாம்! ஒரிஜினல் இல்லாம மயானத்துக்குள்ள வண்டியை விடமாட்டேங்கறான்!"

"பைல வெச்சேனே?"

"பைல இல்லைடி! வண்டி வந்து நிக்குது!"

பையைக் கொட்டிப் பார்த்தாள். மெத்தைக்கடியில் பார்த்தாள். மருந்துச் சீட்டுக் கட்டைப் பிரித்தாள். "எங்க போச்சு, எங்க போச்சு" என்று வாய் முணுமுணுத்தது. மெஷின்காரரின் உதிரிச் சாமான் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசியில் ஊசி டப்பாவில் நாலாக மடித்து இருந்தது. காலையில் அவளேதான், தொலைந்துவிடப் போகிறதே என்று அங்கே வைத்திருக்கிறாள். அதை வாங்கிக்கொண்டு மகன் ஓடினான்.

அடுத்து ஸ்டிரெச்சர் படியில் மாட்டிக்கொண்டது. திருப்பத்தில் ஒரு பழைய மெஷின், காலோடு நின்றிருந்தது. "அதை நகர்த்துங்க! இடிக்குது! அவர் காலைப் பாருங்க!" என்று மருமகள் கத்தி, ஒரு பக்கம் தானே பிடித்துத் தூக்கினாள். "தலைப்பக்கம் உயர்த்துங்க, இன்னும் உயர்த்துங்க, மெதுவா, மெதுவா!" உடம்பைக் கட்டியிருந்த துணி ஈரமாகிவிட்டிருந்தது. வாடையும் வந்துவிட்டது. தூக்கியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு வழியாக வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். மகன் முன்னால் ஏறினான். அவளும் இஸ்திரிக்காரரும் பின்னால், உடம்புக்கு இரண்டு பக்கமும். மற்றவர்கள் ஒரு வேனில் வந்தார்கள்.

பாதி வழியில் மழை பிடித்தது. பகலெல்லாம் காய்ந்த காய்ச்சலுக்கு அடித்து ஊற்றியது. வண்டி டிரைவர் வைப்பரைப் போட்டார். மருமகள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைப்பர் போனது, வந்தது. பழக்கதோஷத்தில், அது ஒருமுறை போய் வந்ததும் உள்ளே ஒரு பெயர் விழுந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இப்போதுதான் விழுகிறது என்றால், இதுவரைக்கும் விழவில்லை. வண்டியில் ஏறும்போது ஓடியதா? இல்லை. படியில்? இல்லை. சர்ட்டிபிகேட் தேடும்போது? அப்போது உள்ளே ஓடியதெல்லாம் 'எங்க போச்சு'தான். விட்ட குத்தைத் தேடித் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள்போலப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். இருபதாவது டம்ளர். அதோடு சரி. டாஷ்போர்டில் மணி நாலு இருபத்தைந்து. முக்கால் மணி நேரத்துக்கு மேல், அந்த மனிதருக்கு யாரும் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும்தான் நினைத்திருந்தாள்.

"ஓடுதா தங்கச்சி?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

தலை தானாக ஆடிவிட்டது.

ஆட்டிய பிறகு அவளால் இஸ்திரிக்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர், உடம்பின் கால்பக்கத் துணி காற்றில் விலகாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "ஐயா இருபத்திரண்டு வருஷத்துல எங்கிட்ட ஒரு டீகூட கேட்டதில்லை தங்கச்சி. இந்த ஒண்ணைத்தான் கேட்டாரு. நல்லபடியா முடிஞ்சுடும். நீ இருக்கல்ல" என்றார்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? உதடு அசையாதது, தொண்டை அசையாதது. அவள் சொல்லாவிட்டால் கடவுளைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. குழிக்கரையில் ஒரு வார்த்தை, அதோடு முடிந்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். இஸ்திரிக்காரர் சொல் மாறாத ஆள். அறுந்தால் முதலிலிருந்து என்பார். முதலிலிருந்து என்றால் அவருக்குக் காலையிலிருந்து ஓடிய பதினோரு மணி நேரமும் மறுபடி. இந்த உடம்பை, இந்த வாடையோடு, திரும்ப அந்தப் படியில் ஏற்ற வேண்டும். புருஷன் அவளை மன்னிக்கவே மாட்டான். மெஷின்காரரும்தான் என்ன பாவம் செய்தார், ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கிற மாதிரி இன்னொரு நாள் கிடக்க?

கடைசி முறை இவளுக்கு என்று கைகாட்டினாரே.

மயானத்தில் குழி வெட்டுகிறவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். "சீக்கிரம் இறக்குங்க. பக்கச்சுவர்ல ஊத்து விட்டுருச்சு. இப்பவே முழங்கால் தண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் போனா மண்ணு சரிஞ்சுரும், அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றார்.

மகனும் இன்னும் மூன்று பேரும் கயிற்றைப் பிடித்து இறக்கினார்கள். உடம்பு தண்ணீரில் படிந்தபோது கலங்கல் நீர் துணியின் மேல் ஏறியது. மகன் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை உருவி வெளியே எடுத்தான். "ம், மண்ணைப் போடுங்க" என்றான்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்றார் இஸ்திரிக்காரர். கூட்டம் குழியைச் சுற்றி நின்றது. அவர் மருமகளைப் பார்த்துத் திரும்பினார். "சொல்லும்மா."

மழை கொஞ்சம் ஓய்ந்து தூறலாகியிருந்தது. அவள் குழிக்குள் பார்த்தாள். வாய் திறந்தால் போதும், ஒரே ஒரு வார்த்தைதான். இத்தனை பேரும் அதை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

"அறுந்துடுச்சு" என்றாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை. நர்ஸம்மாதான் முதலில், "என்னம்மா சொல்ற?" என்றார்.

"எங்கிட்டதான் அறுந்துச்சு. சர்ட்டிபிகேட் தேடப்போனேன், அங்க விட்டுட்டேன். வண்டியிலதான் தெரிஞ்சுது. நீங்க கேட்டப்போ பொய்யா தலையாட்டினேன் அண்ணே."

இஸ்திரிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "முக்கால் மணி நேரமா?"

"அதுக்கு மேல."

"அப்ப வெளிய எடுக்கணும்" என்றார். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "ஐயா வாக்கு அது. வீட்டுக்குக் கொண்டுபோய் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மகன் கயிற்றைக் கீழே எறிந்தான். "யோவ், உனக்குப் பைத்தியமா? உள்ள பாரு! அவரு எப்படிக் கெடக்கறாரு பாரு! இவரைத் திரும்பத் தூக்கிட்டுப் போயி, ஊரு வேடிக்கை பார்க்கவா?" மனைவி பக்கம் திரும்பினான். "உனக்கென்னடி கேடு? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு என்ன?"

"உங்க அப்பாகிட்டப் பொய் சொல்ல முடியலைங்க."

"செத்துட்டாருடி!"

"அதனாலதான் முடியலை."

குழி வெட்டுகிறவர், "மண்ணு விரிசல் விடுதுய்யா" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் தலைமாட்டில் ஒரு கட்டி பெயர்ந்து தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் நகரவில்லை.

"அண்ணே, நான் சாக்குச் சொல்லலை. விட்டது நான்தான். ஆனா உள்ள சொல்றதுல ஒரு கஷ்டம் இருக்கு. விட்டுப்போனா சொல்றவளுக்கே தெரியறதில்லை. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் தெரியாது. எனக்கு இப்ப எம்மேலயே நம்பிக்கை இல்லை." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முதல்லேருந்துதானே? இங்கயே ஆரம்பிக்கிறேன். சத்தமா சொல்றேன். நான் விட்டா உங்க காதுல விழும். எடுத்துக்குங்க."

"சத்தமாவா?" இஸ்திரிக்காரர் காதைப் பொத்திக்கொள்ளப் போகிறவர்போல இரண்டு கையையும் தூக்கினார். "ஐயா முன்னாடியா? வேண்டாம்மா. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட..."

அவள் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெயரை அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் கேட்டதே இல்லை. அவள் குரல் ஒன்றும் அழகாக இல்லை. தொண்டை கட்டிய குரல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி. ஆனால் மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளி, சொல்லிக்கொண்டே குழிக்குள் விட்டாள். அது அவர் நெஞ்சின் மேல், ஈரத்துணியில் விழுந்தது.

அந்தச் சத்தத்தில் அவளுக்குக் குரல் அடைத்துக்கொண்டது. முக்கிப் பார்த்தாள், காற்றுதான் வந்தது.

தூறல் சத்தம் மட்டும் கேட்டது. பெயர் நின்றுபோனது எல்லோருக்கும் கேட்டது. நர்ஸம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். ஒரு மூச்சு விடும் நேரம் போனது. இஸ்திரிக்காரர் குழிக்குள் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் உதடு திறந்து மூடியது.

அப்புறம் அவர் சொன்னார். துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்த மாதிரி, கரகரவென்று, பாதி அழுகையாக வந்தது அந்தப் பெயர். சொன்னவர் தானே அதைக் கேட்டு அதிர்ந்ததுபோல இரண்டாவது முறை மெதுவாகச் சொன்னார். மூன்றாவது முறை குரல் வந்துவிட்டது. குனிந்து மண்ணை அள்ளினார். குழி வெட்டுகிறவர் இதற்காகவே காத்திருந்தவர்போல மண்வெட்டியை எடுத்தார். மகன் இன்னொரு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்று தள்ளத் தொடங்கினான். யாரையும் பார்க்காமல், கோபத்தோடுதான் தள்ளினான்.

இஸ்திரிக்காரருக்கு மூச்சு வாங்கியபோது நர்ஸம்மா எடுத்தார். அவர் விட்டபோது மருமகள் எடுத்தாள். யாரும் யார் தோளையும் தொடவில்லை. தேவைப்படவில்லை, நின்றால் காதில் விழுந்தது. சேற்று மண் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டு குழியை நிறைத்தது. அவர் முகம் இருந்த இடம் மூடியது, கால் இருந்த இடம் மூடியது.

குழி முக்கால்வாசி நிறைந்தபோது எல்லோரும் ஓய்ந்துபோயிருந்தார்கள். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாத கூட்டம். மருமகள் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள். இன்னொருவர் எடுப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். இஸ்திரிக்காரர் மண்மேட்டில் கையூன்றிக் குனிந்திருந்தார். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் எடுக்கவில்லை.

மகனின் மண்வெட்டி நின்றது.

அவன் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். முகமெல்லாம் சேறு. தோள் ஏறி இறங்கியது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான். குரல் உடைந்திருந்தது. "இன்னும் மண்ணு முடியலையே. சொல்லுங்க."